மறுகாலில் ஒரு பலகை

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று காலை தொடங்கிய ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, திருவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போக, தொடர்வண்டியொன்று பயணிகளோடு நடுவழியில் நின்றது.

மழையின் அளவையே அனைவரும் பேசினர். அது வந்த நாளை எண்ணியவர் சிலரே.

நாள் ஏன் முக்கியம்? தென்மாவட்டக் குளங்களில் மிகைநீர் வழிந்தோடும் மறுகாலில் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அவற்றின் இடைவெளியைத் திறந்தே வைப்பர். பருவமழை ஓயும் தறுவாயில் அங்கே பலகை செருகிக் களிமண் அப்பி, மேலும் ஒரு சாண் நீரைத் தேக்குவர். கடைசி நனைப்பில் பயிரைக் காப்பது அந்த ஒரு சாண்தான். எந்த நாளில் அடைப்பது, எந்த இரவில் பிடுங்குவது என்பதை முடிவுசெய்தவர் நீர்க்கட்டி என்னும் குளத்துக் காவலர். அவருக்குக் கூலி களத்துமேட்டில் அளந்த நெல்.

அவருடைய கணக்கு பருவத்தை நம்பியது. அந்தப் பருவம் இன்று முன்போல் இல்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், அது ஏந்தவல்ல ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஐப்பசியில் எதிர்பார்க்கும் பெருமழை மார்கழியில், குளம் நிரம்பித் தளும்பும் வேளையிலும் ஒரே மூச்சில் இறங்கக்கூடும். அன்றைய உடைப்புகளுக்குப் பலகையே காரணம் என்பதன்று நம் கூற்று. 95 சென்டிமீட்டருக்கு ஈடுகொடுக்கும் கரை அரிது. அதனினும் சிறிய மழைகளுக்கேனும் பலகையைப் பிடுங்க ஒருவர் வேண்டுமல்லவா?

இன்று அந்த ஒருவர் யார்? 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய குளங்கள் நீர்வளத்துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியன. நள்ளிரவில் மறுகாலுக்கு மண்வெட்டியோடு போகும் உரிமையும் கடமையும் எவருக்கென்று ஊராரைக் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர்.

ஊரார் கூடிக் குளத்தைப் பேணும் குடிமராமத்துக்கு ஆள் வராதபோது 1858இல் சென்னை மாகாணத்துக்கென ஆங்கிலேய அரசு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. ஊரின் ஒற்றுமையை ஆணையிட்டு வரவழைக்கலாமென்று நம்பிய அரசு அது! 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் வந்தது. தூர் வாரினர், கரை உயர்த்தினர். நற்பணிதான். ஆனால் அள்ளிய மண்ணுக்குக் கணக்கு எழுதலாம். இரவில் விழித்திருந்தவருக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது?

வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுதோறும் 30,000 கோடி டாலர் திரட்டுவதாக 2024இல் பாகூ நகரில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு உறுதி கூறியது. அதில் நம் பங்கு வரும்போது வரட்டும். ஒரு நீர்க்கட்டியின் ஊதியத்துக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் ஐப்பசிக்கு முன், குளந்தோறும் ஒருவரை ஊரே தேர்ந்தெடுக்கட்டும். அரசு ஊதியம் அளிக்கட்டும். வானிலை எச்சரிக்கை ஆட்சியர் அலுவலகத்தோடு நில்லாமல் அவர் கைப்பேசிக்கும் போகட்டும். பலகையைப் பிடுங்கும் அதிகாரம் எழுத்தில் அவரிடம் இருக்கட்டும்.