ஜக்கர்த்தா ஏன் மூழ்குது? கடலை மட்டும் குறை சொல்ல முடியாது

வடக்கு ஜக்கர்த்தாவின் முவாரா பாரு வட்டாரத்தில், கடற்சுவருக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு பள்ளிவாசல் தண்ணீருக்குள் நிற்கிறது. படத்தைப் பார்த்ததும் "பருவநிலை மாற்றம்தான் காரணம்" என்று தோன்றும். கடல்மட்டம் உயர்வது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அங்குள்ள நிலமோ ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, சில இடங்களில் 10 சென்டிமீட்டருக்கும் மேல்!

முக்கியக் காரணம், நிலத்தடி நீர்.

நிலத்துக்கு அடியில் என்ன நடக்குது?

ஜக்கர்த்தா மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த சமவெளி. அந்த அடுக்குகளில் இருக்கும் நீரின் அழுத்தம், மேலே உள்ள பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சினால் அழுத்தம் குறையும், களிமண் நசுங்கும். பஞ்சை நசுக்கினால் மறுபடி உப்பும் இல்லையா? களிமண் பெரும்பாலும் அப்படி உப்பாது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் இறங்கிய நிலம் இறங்கியதுதான்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நன்னீர் லேசானது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. பொதுவான கணக்குப்படி, நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியில் உள்ள உப்புநீர் சுமார் 40 மீட்டர் மேலே வரலாம். ஒரு கிணறு உப்பாகிவிட்டால் அதை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அப்போ கிணற்றை மூடிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். நகரவாசிகளில் ஒரு பகுதியினருக்கு இன்னும் குழாய்நீர் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் சிங்கப்பூரில் இருந்துகொண்டு "ஏன் தோண்டுறாங்க?" என்று கேட்பது சுலபம்.

ஆனால் எல்லாரும் ஒரே அளவில் எடுப்பதில்லை. சாதாரண வீடுகளின் கிணறுகள் ஆழம் குறைந்தவை. ஆழமான அடுக்குகளிலிருந்து பெருமளவு நீரை எடுப்பவை ஹோட்டல்கள், தொழிற்சாலைகள், உயரமான கட்டடங்கள். 2018இல் நகரின் முக்கியச் சாலையான தம்ரினில் அதிகாரிகள் 80 கட்டடங்களைச் சோதித்தார்கள். 56 கட்டடங்களில் சொந்த பம்ப் இருந்தது. அவற்றில் 33 சட்டவிரோதமாக நீர் எடுத்தன. குழாய்நீர் போகாத குடிசைப்பகுதி இல்லை அது, நகரத்தின் நடுமையம்!

2023 ஆகஸ்ட் முதல், குறிப்பிட்ட வட்டாரங்களில் 8 மாடி அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடங்களும் 5,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் பரப்பளவு கொண்டவையும் நிலத்தடி நீரை எடுக்கக்கூடாது. பெரியவர்களிடமிருந்து தொடங்கியது சரியான வரிசை. சோதனை தொடர்ந்தால்தான் பலன்.

முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?

பேங்காக் செய்திருக்கிறது. 1977இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. ஆனால் எடுப்பது நிற்கவில்லை, ஏனென்றால் கிணற்றுநீர் மலிவு. கட்டணத்தைப் படிப்படியாக உயர்த்தி, 2004இல் கூடுதலாகப் பாதுகாப்புக் கட்டணத்தையும் சேர்த்தார்கள். கிணற்றுநீரின் விலை குழாய்நீருக்கு இணையானது. குழாய்நீர் வசதியும் விரிவடைந்தது. அதன்பிறகுதான் தொழிற்சாலைகள் மாறின. 1980களின் தொடக்கத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை இறங்கிய நிலம், இப்போது 1 அல்லது 2 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது.

தோக்கியோ இன்னும் முன்னரே கட்டுப்படுத்தியது. நீர்மட்டம் திரும்ப ஏறியதில், நிலத்தடி ரயில் நிலையங்கள் மேலே எழும்பிவிடாமல் நங்கூரமிட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது! அது வேறு தலைவலி. என்றாலும் நிலம் மூழ்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஜக்கர்த்தாவில் இப்போது அதிகம் பேசப்படுவது வடக்கு ஜாவா கரையோரத்தில் எழுப்பத் திட்டமிடப்படும் மாபெரும் கடற்சுவர். பல பில்லியன் டாலர் திட்டம். சுவர் அலையைத் தடுக்கும். ஆனால் சுவர் நிற்கும் நிலமும் இறங்கிக்கொண்டே இருந்தால் அதையும் உயர்த்திக்கொண்டே போகவேண்டும். 2030க்குள் எல்லா வீடுகளுக்கும் குழாய்நீர் என்று நகரம் இலக்கு வைத்திருக்கிறது. சுவரைவிட நான் கவனிக்கப்போவது அந்த இலக்கைத்தான். குழாய் வராத வீட்டில் கிணற்றை மூடச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது.