இரண்டு கொப்பிகள்

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம் மகளுடன் தந்தையார் ஒருவர் அண்மையில் நம் இல்லத்துக்கு வந்தார். "மாஸ்ரர், ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம் மூன்றினை முடித்துவிட்டாள். கீறிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிழை விடமாட்டாள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னாற்றான் கை ஓடுகுதில்லை" என்று குறைப்பட்டார்.

இரண்டு வசனங்களைத் தமிழிற் சொல்லி ஆங்கிலத்தில் எழுதும்படி அப்பிள்ளையைக் கேட்டோம். "நான் மூன்று வருடமாக இங்கே வசிக்கிறேன்" என்பதற்கு, "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயேர்ஸ்" என்றும், "அண்ணன் நேற்று வந்துவிட்டார்" என்பதற்கு, "பிரதர் ஹாஸ் கம் யெஸ்டர்டே" என்றும் எழுதினாள். அவளுடைய பயிற்சிப் புத்தகத்திலோ இவ்விரண்டு விதிகளுக்கும் உரிய விடைகள் யாவும் சரியாக இருந்தன!

இதிற் புதுமை யாதுமில்லை. கீறிட்ட இடம், "இங்கே காலத்தைக் கவனி" என்று மாணவர்க்கு முன்னரே குறிப்புக் கொடுத்துவிடுகிறது. சொந்த வசனத்திலே கீறு இல்லை. அங்கே தமிழே கையைப் பிடித்து நடத்துகிறது. தொடர்ந்து நிகழும் செயலைத் தமிழ் நிகழ்காலத்தாற் சொல்லும். ஆங்கிலமோ அது தொடங்கிய காலத்தையுஞ் சேர்த்து நோக்கி, "ஹாவ் பீன் லிவிங்" என்னும். "வந்துவிட்டார்" என்பதோடு "நேற்று" என்னுஞ் சொல் தமிழிற் பொருந்தும். ஆங்கிலத்தில் "யெஸ்டர்டே" வந்தவிடத்து "ஹாஸ்" நில்லாது, "கேம்" என்பதே முறை. ஆயினும் தமிழ் எல்லாவிடத்தும் இடறுகல் அன்று. "மூன்று வருடமாக" என்பதில் உள்ள "ஆக" கால அளவைக் காட்டுகிறது, அதுவே "ஃபோர்". "தை மாதத்திலிருந்து" என்பதில் உள்ள "இருந்து" தொடக்கத்தைக் காட்டுகிறது, அதுவே "சின்ஸ்". பிள்ளைக்கு முன்பே தெரிந்த இவ்வேறுபாட்டை ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை.

ஆகவே தமிழை ஒதுக்காது, அதனூடாகவே பயிலும் பழைய வழியொன்றை அவளுக்குச் சொன்னோம். பிற்காலத்தில் முதலாம் எலிசபெத் அரசியான இளவரசிக்கு ஆசிரியராயிருந்த ரோஜர் ஆஸ்கம் என்பார் எழுதி, அவர் மறைந்தபின் 1570 இல் வெளிவந்த "த ஸ்கூல்மாஸ்டர்" என்னும் நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. ஆங்கிலச் சிறுவர் இலத்தீன் கற்பதற்காக அவர் எழுதியது அது. (ஆங்கிலேயரும் ஒருகாலத்தில் அயல்மொழி இலக்கணத்தோடு மல்லுக்கட்டியவரே என்பது நம் மாணவர்க்குச் சிறிது ஆறுதல் தரலாம்.) இலத்தீன் பகுதியொன்றைப் பொருளுணர்ந்து ஒரு கொப்பியில் ஆங்கிலமாக்க வேண்டும், மூலத்தை அகற்றி, ஒரு மணி நேரமாவது கழிந்தபின், அவ்வாங்கிலத்தை மற்றொரு கொப்பியில் மீண்டும் இலத்தீனாக்கி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதாது. மனனஞ் செய்வதில் வல்லவர்கள்! ஒரு நாள் கழியட்டும். பாடப் புத்தகத்தில் விளங்கிய பகுதியொன்றில் ஆறேழு வரி போதும். முதற்கொப்பியில் எழுதுவது நல்ல தமிழாயிருத்தல் வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்த தமிழன்று. ஆங்கிலம் அறியாத தாயாரும் இங்கே ஆசிரியராகலாம். உரக்க வாசிக்கக் கேட்டு, "இப்படி ஆர் கதைக்கிறது?" என்று அவர் கேட்டால் அந்த வரியைத் திருத்துக.

மறுநாள் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. "ஏ", "த" என்னும் சிறு சொற்களைப் பாருங்கள். "ஏ போய் கேம் டு த ஷொப். த போய் போட் ஏ பென்" என்பது, "பையன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் பேனை வாங்கினான்" என்றாகும்போது அவற்றுட் பெரும்பாலானவை மறைந்துவிடும். திரும்பும்போது எங்கே எது வேண்டும் என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். குறிப்புக் கொடுக்கக் கீறு இல்லை. பின்னர் மூலத்தைத் திறந்தால் விடை இருக்கும். வேறுபட்டதெல்லாம் பிழையாகாது, ஐயமான இடங்களை மட்டும் ஆசிரியரிடங் கேட்கலாம்.

தவறிய மாணவனை முகஞ் சுளிக்கவோ கடியவோ கூடாதென்று ஆஸ்கம் எழுதுகிறார். பிரம்படிக்கு அஞ்சி ஈட்டன் பள்ளி மாணவர் சிலர் ஓடிப்போன செய்தியை 1563 மார்கழியில் விருந்தொன்றிற் கேட்டதே அவரது நூலுக்குத் தூண்டுகோலாயிற்று. நாம் பிரம்பு எடுத்ததில்லை. சிவப்பு மை எடுத்ததுண்டு. பல்லாண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவனின் கட்டுரையில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களைச் சுழித்துக் கொடுத்தோம். அடுத்த தவணைக்குள் அவன் பிழைகள் மிகக் குறைந்தன. பாராட்டியும் விட்டோம். கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதே விளங்கிற்று: இரண்டு பக்கம் எழுதியவன் அரைப்பக்கம் எழுதத் தொடங்கியிருந்தான், தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சின்னஞ்சிறு வசனங்களை மட்டுமே எழுதினான். பின்னர் எவ்வளவு வற்புறுத்தியும் அவன் நீண்ட வசனம் எழுதவில்லை.

அந்தப் பெண்பிள்ளை மூன்று வாரத்தின் பின் இரண்டாங் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். "த" இன்னும் பல இடங்களில் விடுபடுகிறது. கடைசிப் பக்கத்தில், ஒருவரும் கேளாமலே, தன் அண்ணனைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தாள். நாம் பேனையை எடுக்காமலே வாசித்தோம்.