ஏரிக்கரையில் வளரும் சமயம்

ஆடி மாதத்தை ஒட்டி வரும் ஓர் இரவு. விஸ்கான்சின், பென்சில்வேனியா, நியூயார்க் முதலான அமெரிக்க மாநிலங்களின் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் அமைந்துள்ள யூதக் கோடை முகாம்களில் அன்று ஆட்டமும் பாட்டும் இரா. அதுவரை ஓடியாடிக் களித்திருந்த சிறுவர் சிறுமியர் கதிரவன் மறைந்ததும் ஒருவரோடொருவர் பேசாமல் வந்து தரையில் அமர்கின்றனர். விளக்குகள் குறைக்கப்படுகின்றன. மெழுகுவர்த்தியின் அல்லது கைவிளக்கின் மங்கிய ஒளியில், யூத மறையில் உள்ள புலம்பல் நூல் துயரம் தோய்ந்த இசையில் ஓதப்படுகிறது. ஜெருசலத்தில் இருந்த தங்கள் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும், மீண்டும் எழுப்பப்பட்ட பின்னர் கி.பி. 70இல் உரோமானியராலும் இடித்துத் தகர்க்கப்பட்டதை எண்ணி யூதர்கள் நோன்பிருக்கும் 'திஷா பெ ஆவ்' என்னும் நாள் அது. ஆவ் என்னும் யூத மாதத்தின் ஒன்பதாம் நாள் என்பது அதன் பொருள். மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை பெரியோர் அன்னம், தண்ணீர் இரண்டையும் தவிர்க்கின்றனர். சிறு பிள்ளைகளுக்கு அக்கட்டாயம் இல்லை.

இந்த நாளில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அமெரிக்க யூதப் பிள்ளைகளில் பலர் பொதுப் பள்ளியில் பயில்பவர்கள். தொழுகைக்கூடத்தை ஒட்டி நடக்கும் மாலை வகுப்பிலோ ஞாயிறு வகுப்பிலோதான் அவர்கள் சமயம் கற்கின்றனர். கோடை விடுமுறையில் அவ்வகுப்புகள் மூடப்பட்டுவிடும். ஆதலால் வகுப்பை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்குத் தன் சமூகத்தின் ஆகப் பெரிய துக்க நாள் கண்ணில் படாமலே போய்விடக் கூடும். முகாமுக்குச் சென்ற பிள்ளையோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இடிந்த ஓர் ஆலயத்திற்காக இருட்டில் தரையில் அமர்ந்திருந்ததை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. வகுப்பு சொல்லிக் கொடுப்பதை முகாம் வாழ வைக்கிறது. யூத சமூகம் கண்ட இந்த வழியின் வலிமை அனைத்தும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதன் குறைகளும் சொல்லப்பட வேண்டியவையே.

நெரிசலில் பிறந்த எண்ணம்

இம்முகாம்கள் சமயம் வளர்க்கும் நோக்கத்தோடு பிறந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவின் வறுமைக்கும் கலவரங்களுக்கும் தப்பி இலட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைட் வட்டாரத்தில், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் ஒண்டிக் கிடந்தனர். வெயில் காலத்தில் அவ்வீடுகள் உலைக்களமாயின. காசநோய் பரவியது. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில நாளாவது நல்ல காற்றும் வயிறார உணவும் கிடைக்கட்டும் என்னும் இரக்கமே முதல் முகாம்களை உருவாக்கியது. 1902இல் கோல்டு ஸ்பிரிங் என்னும் ஊரில் தொடங்கிய 'சர்ப்ரைஸ் லேக்' முகாம் அவற்றுள் ஒன்று. பின்னாளில் மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற எட்டி கேன்டர் அங்கு ஏழைச் சிறுவனாகச் சென்று வந்தவர். செல்வம் வந்த பிறகு அம்முகாமுக்கு நிதி திரட்டித் தந்து தம் கடனைத் தீர்த்துக்கொண்டார்.

அடுத்த தலைமுறையில் கல்வியாளர்கள் இதில் நுழைந்தனர். 1919இல் ஆல்பர்ட் ஸ்கூல்மன் தொடங்கிய செஜ்வின் முகாம், விடுமுறையையே கல்விக் காலமாக்கலாம் எனக் காட்டியது. ஆண்டு முழுதும் களைத்த மாணவனை மாலையில் மேலும் ஒரு வகுப்பில் அடைப்பதைக் காட்டிலும், விளையாடவும் உண்ணவும் உறங்கவும் கூடிய இடத்தில் சமயத்தைக் காற்றைப் போலச் சூழ விடுவது மேல் என்பது அவர்களது கருத்து. 1941இல் ஷ்லோமோ ஷுல்சிங்கர் எபிரேய மொழிக்கென்றே 'மசாத்' முகாமைத் தொடங்கினார். 1947இல் விஸ்கான்சின் மாநிலத்துக் கோனோவரில் முதல் 'ராமா' முகாமைக் கன்சர்வேட்டிவ் பிரிவினர் திறந்தனர். 1952இல் அதே மாநிலத்தின் ஓகோனோமோவாக்கில் சீர்திருத்தப் பிரிவினர் தம் முதல் முகாமை நிறுவினர்.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பவருக்குக் காரணம் விளங்காமல் போகாது. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர்கள் கொன்றழிக்கப்பட்டனர். கல்விச்சாலைகளும் அறிஞர் குடும்பங்களும் நிறைந்த ஊர்கள் சாம்பலாயின. உலகின் மிகப் பெரிய யூத சமூகம் என்னும் பொறுப்பு திடீரென அமெரிக்க யூதர்களின் தோளில் விழுந்தது. அதே வேளையில் அவர்களுடைய பிள்ளைகள் நெரிசல் மிக்க வட்டாரங்களை விட்டுப் புறநகர் வீடுகளில் வசதியாக வளரத் தொடங்கியிருந்தனர். வறுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்கத் தோன்றிய முகாம், இப்போது வசதியிலிருந்து அவர்களைக் காக்கும் கருவியாயிற்று. முகாம் வரலாற்றை ஆராய்ந்து 2023இல் 'தி ஜூஸ் ஆஃப் சம்மர்' என்னும் நூலை வெளியிட்ட சான்ட்ரா ஃபாக்ஸ், போருக்குப் பிந்தைய பெரியோரின் இந்த அச்சத்தை விரிவாக எழுதியுள்ளார்.

வெள்ளி மாலை

முகாம் எதைச் சாதிக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அங்குள்ள பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலைப் பார்த்தால் போதும். யூதர்களின் ஓய்வுநாளாகிய சபாத் அன்று மாலை பிறக்கிறது. மதியத்திற்குப் பின் மரக்குடில்கள் கூட்டித் துடைக்கப்படுகின்றன. சேறும் வியர்வையுமாக இருந்த பிள்ளைகள் குளித்து, பல முகாம்களில் வெண்ணிற ஆடை உடுத்திக்கொள்கின்றனர். குடில் குடிலாகப் புறப்பட்டுத் தோளில் கை போட்டுப் பாடியவாறு ஏரிக்கரைக்கோ மரநிழலுக்கோ வந்து கூடுகின்றனர். விளக்கேற்றி, சபாத்தை மணமகளாகப் பாவித்து வரவேற்கின்றனர். பின்னிச் சுட்ட ரொட்டியைப் பகிர்ந்து உண்டபின் தொடங்கும் பாட்டு எளிதில் ஓய்வதில்லை. மேசையைத் தட்டித் தாளம் போடுகிறார்கள். மூத்தவர் இளையவரைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். மறுநாள் இருட்டி விண்மீன்கள் தோன்றியதும், பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தியை ஏற்றி, நறுமணப் பொருளை முகர்ந்து, அச்சுடரைத் திராட்சை இரசத்தில் அணைத்து ஓய்வுநாளை வழியனுப்புகின்றனர்.

இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. எல்லாம் வீட்டில் செய்ய வேண்டியவை. ஆனால் தனி வீட்டில், அடுத்த வீட்டார் கடைத்தெருவுக்குக் கிளம்பும் நேரத்தில், விளக்கேற்றி அமர்வது பிள்ளைக்கு ஒரு தடையாகத் தோன்றும். முந்நூறு பேர் சேர்ந்து செய்யும்போது அது கொண்டாட்டமாகிவிடுகிறது. சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளை, தான் எதையும் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில் சில வாரம் இருந்து பார்ப்பது சிறிய செய்தி அன்று. இறைச்சியையும் பாலையும் ஏன் சேர்த்து உண்பதில்லை என்று அங்கு எவரும் கேட்பதில்லை. சமையலறையே அவ்வாறுதான் இயங்குகிறது.

இசையின் கதை இன்னும் சுவையானது. ஓகோனோமோவாக் முகாமில் கிதார் வாசித்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்த டெபி ஃபிரீட்மன், பழைய வழிபாட்டு வரிகளுக்கு எளிய மெட்டுகள் அமைத்தார். முகாமில் பாடிய பிள்ளைகள் வளர்ந்து தொழுகைக்கூடங்களில் பொறுப்பேற்றபோது அம்மெட்டுகளையும் கூடவே கொண்டுவந்தனர். நோயுற்றோருக்காக அவர் அமைத்த பாடல் இன்று எண்ணற்ற தொழுகைக்கூடங்களில் வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. 2011இல் அவர் மறைந்த பின், சீர்திருத்தப் பிரிவின் இசைக் கல்லூரிக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. காட்டு நெருப்பைச் சுற்றிப் பாடும் மெட்டு ஆழமற்றது, மரபுப் பாடகரின் கலையை அது அழிக்கிறது எனக் குறைபட்ட பெரியவர்களும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வாய் திறவாமல் அமர்ந்து கேட்ட சபை வாய்விட்டுப் பாடத் தொடங்கியதை எந்த மரபுக்கும் நட்டமென்று கணக்கெழுத இயலாது.

மொழி பட்ட பாடு

மொழியைப் பொறுத்தவரை முகாம்களின் வரலாறு அவ்வளவு இனிப்பானதன்று. மசாத் முகாமில் எபிரேயம் தவிர வேறு மொழி கூடாது என்பது விதி. அமெரிக்கச் சிறுவன் பேஸ்பால் ஆடாமல் இருக்கமாட்டான் என்பதால் அந்த ஆட்டத்தின் சொற்களுக்கும் எபிரேயம் வகுத்து அகராதியே வெளியிட்டனர். அத்துணை உறுதியுடன் நடந்த அம்முகாம் 1981இல் மூடப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் தாய்மொழியாகிய இத்திஷ் மொழிக்கென 1923இல் எழுந்த 'பாய்பெரிக்' முகாம் 1979இல் மறைந்தது. ரைன்பெக் ஊரில் அது இருந்த நிலத்தில் இன்று இயங்குவது, யோகமும் தியானமும் கற்பிக்கும் ஒமேகா நிறுவனம். பேரழிவிலிருந்து உயிர் தப்பியோர் 1959இல் இத்திஷ் மொழியைக் காக்கத் தொடங்கிய முகாமுக்கு 'ஹெம்ஷேக்', அதாவது தொடர்ச்சி, என்று பெயர் வைத்தனர். அது இருபது ஆண்டு நிறையுமுன் 1978இல் நின்றுபோயிற்று.

இன்று நிலைத்திருக்கும் முகாம்களுள் பெரும்பாலானவை நடுவழியைப் பிடித்துக்கொண்டவை. உணவுக்கூடம், குடில், ஏரி, மருந்தகம், வழிகாட்டி எனச் சில பெயர்ச்சொற்கள் எபிரேயத்தில் வழங்கும். மற்றெல்லாம் ஆங்கிலம். இந்தக் கலப்பு நடையை ஆராய்ந்த சேரா பெனோர், ஜொனதன் கிராஸ்னர், ஷாரன் அவ்னி ஆகிய மூவரும் 2020இல் வெளியிட்ட நூலில், மொழியைக் கற்பிப்பதைவிட மொழியின்பால் உறவுணர்வை ஊட்டுவதே முகாம்களின் நோக்கமாக இருப்பதைக் காட்டினர். உறவுணர்வு நல்லதே. ஆனால் உணவுக்கூடத்துக்கு எபிரேயத்தில் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எபிரேயச் செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படிக்கத் தெரியாது. முப்பது பெயர்ச்சொல் மொழியாகாது. மசாத்தின் மாணவர்கள் அம்மொழியில் சண்டையிட்டார்கள், வேடிக்கை பேசினார்கள். மூடப்பட்டதனாலேயே அம்முயற்சியைத் தோல்வியென்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

இஸ்ரேலைப் பற்றிய கல்வியும் இத்தகையதே. பல முகாம்களில் ஆண்டுதோறும் இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து பணியாற்றுகின்றனர். அந்நாட்டின் மீதான பற்றை ஊட்டுவது பெரும்பாலான முகாம்களின் வெளிப்படையான நோக்கம். பாய்பெரிக், ஹெம்ஷேக் போன்றவை யூத வாழ்வின் மையத்தை வேறிடத்தில், மொழியிலும் மக்களிடத்திலும் கண்டவை. வளர்ந்த மாணவர்களின் கடினமான கேள்விகளுக்குப் பாட்டாலும் கொடியாலும் மட்டும் விடையளிக்க இயலாது என்பதை 2023 அக்டோபருக்குப் பின் நடந்த போர் மேலும் உணர்த்தியது.

இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பவர்கள் வழிகாட்டிகளே. பதினெட்டு, பத்தொன்பது வயது இளையோர், சொற்ப ஊதியத்திற்குக் கோடை முழுதும் குடிலில் பிள்ளைகளோடு உறங்கி எழுகின்றனர். அவர்களில் பலர் அதே குடிலில் சிறுவராய் இருந்தவர்கள். பத்து வயதுப் பிள்ளை பேரறிஞரைக் கண்டு மாறுவதில்லை. தன்னோடு பந்தாடும் அண்ணன் கண்மூடி வணங்குவதைக் கண்டால் மாறுகிறது. பல சமய நிறுவனங்கள் பதினைந்து வயதோடு இளையோரைத் தொலைத்துவிட்டுப் புலம்புகின்றன. முகாமோ அந்த வயதில்தான் அவர்களுக்குப் பொறுப்பைக் கொடுக்கத் தொடங்குகிறது.

யாருக்கு இடம்?

1998இல் நிறுவப்பட்ட யூத முகாம் அறக்கட்டளை 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிறுவயதில் முகாமுக்குச் சென்ற பெரியோர், செல்லாதோரைவிடச் சபாத் விளக்கேற்றும் வாய்ப்பு 37 விழுக்காடும், மாதம் ஒருமுறையேனும் தொழுகைக்கூடம் செல்லும் வாய்ப்பு 45 விழுக்காடும் மிகுதி என்று அது கூறிற்று. வீட்டுப் பின்னணியின் தாக்கத்தைக் கழித்தே கணக்கிட்டதாகவும் ஆய்வாளர் கூறினர். எனினும் பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் பெற்றோரின் ஆர்வத்தை எந்தக் கணக்கும் முழுமையாகக் கழித்துவிட முடியுமா என்பது ஐயமே. விளக்கேற்றும் பழக்கம் ஏரிக்கரையில் மட்டும் பிறந்ததன்று. மாறாக, பிள்ளையை அனுப்பிவிட்டதால் தம் கடன் முடிந்தது என வீட்டில் விளக்கேற்றாமலிருக்கும் பெற்றோரும் உள்ளனர். ஆகஸ்டு மாதத்தில் ஆர்வத்தோடு திரும்பும் பிள்ளை முதல் வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. அந்த மாலையைப் பற்றி எந்த முகாமும் எதுவும் செய்வதற்கில்லை.

முகாமுக்குள் யாருக்கு இடம் என்னும் கேள்விக்கு நல்ல விடை ஒன்று 1970இல் கிடைத்தது. வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளையும் மற்றவரோடு சேர்க்கும் 'திக்வா' திட்டத்தை ஆசிரியத் தம்பதியரான ஹெர்ப் கிரீன்பர்க்கும் பார்பரா கிரீன்பர்க்கும் ராமா முகாமில் தொடங்கினர். மற்றப் பிள்ளைகளுக்கு இடையூறாகும் என்று அன்று அஞ்சியவர்கள் பலர். அத்திட்டம் பின்னர் மற்ற ராமா முகாம்களுக்கும் பரவியது.

பணத்தின் கேள்விக்கு அத்தகைய விடை இன்னும் கிட்டவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பிறந்த முகாம் இன்று பல இடங்களில் வாரத்துக்கு ஆயிரம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் கட்டணம் கேட்கிறது. நிலம், படகு, மருத்துவர், காப்புறுதி, சமய விதிப்படியான உணவு எல்லாம் செலவுதான். 2020ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் பெரும்பாலான முகாம்கள் ஒரு கோடை முழுதும் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட நட்டமும் சிறிதன்று. முதன்முறை வரும் பிள்ளைக்கு ஆயிரம் வெள்ளி வரை உதவும் திட்டத்தை மேற்சொன்ன அறக்கட்டளை நடத்துகிறது. முதல் கோடையில் அப்பணத்தால் ஏரியைக் கண்டு, தோழரைப் பெற்று, வெள்ளி மாலையின் சுவையறிந்த பிள்ளை, அடுத்த கோடையிலும் போக வேண்டுமென்று கேட்கும். மூன்று பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பம் அப்போது என்ன செய்யும் என்பதைத்தான் இம்முகாம்களின் புரவலர்கள் அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துப் பேச வேண்டும்.