சி மொழியைக் கற்க எதை நம்புவது?

சி மொழியைக் கற்க வருபவர் கையில் ஆயிரம் பக்க வழிகாட்டியைத் திணிக்கும் பரிந்துரையாளர்களுக்கு ஒரு கேள்வி. அம்மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து 1978-இல் எழுதிய நூல், 1988-இன் திருத்திய பதிப்பிலும் முந்நூறு பக்கத்தைத் தொடவில்லை. மீதி எழுநூறு பக்கங்களை இவர்கள் எதைக்கொண்டு நிரப்புகிறார்கள்?

பெரும்பாலும் விடைகளைக்கொண்டு. ஒரே கோவையில் ஒரு மாறியின் மதிப்பை இருமுறை கூட்டினால் என்ன கிடைக்கும் என்பது நேர்முகத் தேர்வுகளில் சாகாவரம் பெற்ற வினா. வழிகாட்டிகள் கூசாமல் ஓர் எண்ணை அச்சிடுகின்றன. ஆசிரியரின் கம்பைலர் அன்று தந்த எண் அது. வேறொரு கம்பைலர் வேறொன்றைத் தரலாம். மொழியின் தரநிலை அதற்கு விடையே வகுக்கவில்லை. ரிட்சியின் நூலோ, இத்தகைய கோவைகளின் விளைவு கம்பைலருக்குக் கம்பைலர் மாறும், தவிர்த்துவிடுங்கள் என்று இரண்டாம் அத்தியாய முடிவில் சொல்லிவிட்டு நகர்கிறது. இல்லாத விடையை இல்லை என்று சொல்லும் இந்த நேர்மையைத்தான் நம்பகம் என்கிறேன்.

அதற்காக அந்நூலை வேதமாக்கவும் வேண்டாம் (அதன் பக்தர்கள் தனி ரகம்). உள்ளீட்டின் நீளத்தைப் பாராமல் வாங்கிக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற செயற்கூறை அதுவும் இயல்பான ஒன்றாகவே விளக்குகிறது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு பரவப் பயன்பட்ட ஓட்டைகளுள் ஒன்று அதுவே. 2011-இன் தரநிலை அதை நீக்கிவிட்டது. ஆகவே புதிய புத்தகம் வாங்குபவர் முதலில் சொல்லடைவில் 'கெட்ஸ்' எங்கே என்று பார்க்கட்டும். அப்பக்கத்தில் நீக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் புத்தகத்தைக் கடைக்காரரிடமே திருப்பித் தந்துவிடலாம்.