அந்தப் பத்துப் பேர்

நாளை, 2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இறங்குகின்றன. இன்று காலை டீக்கடைக்குள் நுழைந்ததுமே என் காதில் விழுந்தது இதுதான்: "மெஸ்ஸிக்க காலு இழுத்துச்சுன்னா சோலி முடிஞ்சு மக்கா. மத்த பத்துப் பேரும் சும்மா கூட வந்தவனுவ."

சொன்னவர் எனக்குச் சித்தப்பா முறை. தூத்தூர் பக்கம் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர், ஆட்டம் தெரியாதவர் இல்லை. ஆனால் 2010இல் ஜெர்மனியிடம் 4-0 என்று தோற்ற இரவில் தொடங்கியவர், பன்னிரண்டு ஆண்டுகளாக இதையே சொல்கிறார். அவர் மட்டுமா? தொலைக்காட்சி விவாதத்தில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 'மெஸ்ஸியும் பத்துப் பேரும்' என்று அதற்கு ஒரு பெயரே விழுந்துவிட்டது. பிரான்ஸ் என்றால் அணி, அர்ஜென்டினா என்றால் ஒற்றை ஆள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போய்விட்டது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாளிலாவது இதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

முதலில் கணக்கு. கத்தாரில் இதுவரை ஆறு ஆட்டங்களில் அர்ஜென்டினா போட்ட கோல் 12. அதில் மெஸ்ஸி போட்டது ஐந்து. மீதி ஏழும் யார் காலிலிருந்து வந்தன? ஹூலியன் ஆல்வரெஸ் நான்கு. என்சோ ஃபெர்னாண்டஸ், மாக் அலிஸ்டர், மொலினா ஆளுக்கு ஒன்று. போலந்து ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்று தோற்றிருந்தால் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான். முதல் பாதியில் மெஸ்ஸி அடித்த பெனால்டியைப் போலந்து கோல்கீப்பர் ஷெஸ்னி தடுத்துவிட்டார். ஒற்றை ஆள் அணி என்றால் அந்த இடத்தில் நொறுங்கியிருக்க வேண்டாமா? இடைவேளை முடிந்து வந்த முதல் நிமிடத்திலேயே மொலினா வலது பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை மாக் அலிஸ்டர் உள்ளே தள்ளினார். பிறகு என்சோ கொடுக்க ஆல்வரெஸ் அடித்தார். இரண்டு கோலிலும் கடைசிப் பாஸ் மெஸ்ஸியுடையது அல்ல. ஒற்றை ஆள் என்று சொல்கிறவர்கள் எல்லாம் அந்த இரவு தூங்கிவிட்டார்களோ என்னவோ.

சவூதி அரேபியாவிடம் தோற்றார்களே என்பார்கள். தோற்றார்கள், அன்று கோல் போட்டதே மெஸ்ஸி மட்டும்தான். பெனால்டி தயவில் வந்தார்கள் என்பார்கள். கிடைத்த நான்கில் ஒன்று வீணான ஆட்டத்தையும் 2-0 என்று வென்றவர்கள் இவர்கள்.

அடுத்தது, மெஸ்ஸி இல்லாவிட்டால் இவர்களால் நிற்கவே முடியாது என்பது. இதைச் சொல்கிறவர்கள் 2019 கோப்பா அமெரிக்காவுக்குப் பிறகு நடந்த எதையும் பார்க்கவில்லை. அந்தப் போட்டி முடிந்ததும் மெஸ்ஸிக்கு மூன்று மாதத் தடை விதித்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அர்ஜென்டினா நான்கு ஆட்டங்கள் ஆடியது. சிலியுடன் கோல் இல்லாத சமன். மெக்சிகோவை 4-0 என்று அடித்தார்கள், அதில் மூன்று கோல் லௌடாரோ மார்ட்டினெஸ் போட்டது. டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, அலாரியோவும் ஒகாம்போஸும் போட்ட கோல்களால் 2-2 என்று சமன் செய்தார்கள். எக்குவடோரை 6-1 என்று நசுக்கினார்கள். நான்கு ஆட்டம், தோல்வி இல்லை, மெஸ்ஸியும் இல்லை. சவூதி ஆட்டம் வரைக்கும் 36 ஆட்டங்கள் தோற்காமல் வந்தார்களே, அந்த ஓட்டத்தின் தொடக்கப் பகுதியில் வந்தவைதான் அவர் இல்லாத இந்த நான்கு ஆட்டங்களும்.

இந்த ஆண்டு ஜனவரியில் சிலியின் கலாமாவில் நடந்த தகுதிச்சுற்று ஆட்டம் இன்னொன்று. பாலைவன நகரம், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே உயரம், மூச்சு வாங்கும் இடம். கொரோனாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த மெஸ்ஸியை அழைக்கவில்லை. பயிற்சியாளர் ஸ்கலோனிக்கே தொற்று, அவரும் அங்கே இல்லை. டி மரியா ஒன்று, லௌடாரோ ஒன்று என்று 2-1 வெற்றி. ஐந்து நாள் கழித்துக் கொலம்பியாவுக்கு எதிராக 1-0, அதுவும் மெஸ்ஸி இல்லாமல். பென்சிமா, போக்பா, காண்டே மூவரும் இல்லாமல் பிரான்ஸ் இறுதிக்கு வந்துவிட்டது, அதுதான் அணியின் ஆழம் என்று வியக்கிறார்கள். சரி, வியக்கட்டும். அதே வியப்பு கலாமாவுக்கு ஏன் கிடையாது?

"அவர் நடக்கிறார், மற்றவர்கள் அவருக்காக ஓடுகிறார்கள்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இதைக் குற்றமாகச் சொல்லும்போதே இவர்கள் வாதம் உடைந்துபோகிறது என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் ஓடுகிறார்கள் என்றால் அது எப்படி ஒற்றை ஆள் அணி ஆகும்? எங்கள் ஊரில் கரைமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் ஆளாளுக்குப் பிடித்து இழுப்பார்கள், உள்ளங்கை தோல் உரிந்துவிடும். ஒரு பெரியவர் மட்டும் இழுக்க மாட்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கைகாட்டிக்கொண்டு நிற்பார். வலை கரையேறியதும் அவருக்கும் பங்கு உண்டு, இழுத்தவனுக்கும் பங்கு உண்டு. பெரியவர் மட்டும்தான் மீன் பிடித்தார் என்று கரையில் எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் கயிறு பிடித்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது கோலை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பந்து கோல்கீப்பர் மேட் ரயனிடம் பின்னால் போகிறது. ஒரு சாதாரண பின்பாஸ், நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை எதுவும் நடக்காது. அதைத் துரத்திக்கொண்டு மிட்ஃபீல்டர் டி பால் ஓடுகிறார், ஏதோ கடைசி நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கி இருப்பதைப்போல. அப்போது 57ஆம் நிமிடம், அர்ஜென்டினா முன்னிலையில் இருக்கிறது. அவர் வருகிற வேகத்தில் ரயன் பந்தை உதைக்காமல் ஒதுக்கப் பார்க்கிறார். ஒதுக்கிய பக்கத்தில் ஆல்வரெஸ் ஏற்கெனவே வந்துவிட்டார். காலை நீட்டிப் பந்தைப் பறித்துத் திரும்பி அடித்தார், கோல். ஸ்கோர்போர்டில் ஆல்வரெஸ் பெயர் மட்டும் வந்தது. டி பாலுக்கு அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் அந்தக் கோல் அவர் ஓட்டத்தில் பிறந்தது. அதே ஆட்டத்தில், நான்கு பேரைத் தாண்டி வந்த பெஹிச்சின் ஷாட்டுக்குக் குறுக்கே லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் விழுந்து தடுத்தாரே, கடைசி நொடிகளில் குவோல் அடித்ததை எமிலியானோ மார்ட்டினெஸ் கையில் அடக்கி அப்படியே தரையில் கிடந்தாரே, அவர் மேல் சக வீரர்கள் விழுந்து அணைத்தார்களே, இவை எல்லாம் யார் கணக்கில் எழுதுவது? நெதர்லாந்துக்கு எதிரான ஷூட்அவுட்டில் வான் டைக்கையும் பெர்க்ஹாய்ஸையும் தடுத்த கைகள் யாருடையவை?

இப்போது இவர்களின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். "1986இல் மாரடோனா தனி ஆளாகக் கோப்பை வாங்கினார், இப்போது மெஸ்ஸி அதையே செய்யப் பார்க்கிறார்." புகழ்ச்சி மாதிரிதான் இருக்கும். என்னை அதிகம் சுடுவது இதுதான், ஏனென்றால் இது இரண்டு தலைமுறையை ஒரே வாக்கியத்தில் அழித்துவிடுகிறது.

1986இல் அர்ஜென்டினா போட்ட கோல் 14. மாரடோனா ஐந்து, மற்றவர்கள் ஒன்பது. வால்டானோ மட்டும் நான்கு. உருகுவேயை வெளியேற்றிய ஒரே கோல் பாஸ்குல்லியுடையது. இங்கிலாந்து ஆட்டம் என்றால் எல்லாருக்கும் கையால் போட்ட கோலும் அரை மைதானம் ஓடிப் போட்ட கோலும்தான் ஞாபகம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜான் பார்ன்ஸ் இடது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்து, கோல் கோட்டருகே லினேக்கருக்கு நேராக இறங்கியது. ஏற்கெனவே ஒன்று இப்படித்தான் உள்ளே போயிருந்தது. ஒலார்ட்டிகோச்சியா கோலை நோக்கி ஓடிவந்து, பிடரியால் அந்தப் பந்தைத் தட்டி வெளியே அனுப்பினார். பிடரியால்! ஒரு விரற்கடை பிசகியிருந்தால் அது சேம் சைட் கோல். ஆட்டம் 2-2 ஆகியிருக்கும், மாரடோனாவின் அந்த ஓட்டத்தை உலகம் வேறு மாதிரிதான் நினைவில் வைத்திருக்கும். அந்தப் பிடரிக்கு நம் ஊரில் ஒரு சுவரொட்டி உண்டா?

இறுதி ஆட்டம், ஆஸ்டெக்கா அரங்கம், மேற்கு ஜெர்மனி. மாரடோனாவை மத்தேயஸ் நிழல்போல ஒட்டிக்கொண்டார். மாரடோனா அன்று கோல் போடவில்லை. முதல் கோல் போட்டவர் ஹோசே லூயிஸ் பிரவுன். 1978இல் கோப்பை வாங்கிய கேப்டன் பஸரெல்லா வயிற்று நோயில் படுத்ததால் இடம் கிடைத்தவர். அந்தச் சமயம் அவருக்கு ஆடுவதற்கு ஒரு கிளப்கூட இல்லை. புருச்சாகா அடித்த ஃப்ரீ கிக்குக்கு எகிறி முட்டினார். சர்வதேச ஆட்டங்களில் அவர் போட்ட ஒரே கோல் அது. இரண்டாம் பாதியில் அவருக்குத் தோள் பிசகியது. வெளியே வர மாட்டேன் என்றார். தன் ஜெர்சியை நெஞ்சுப் பக்கம் பல்லால் கடித்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் விரலை மாட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைசி விசில் வரை ஆடினார். இரண்டாவது கோல் வால்டானோ. ஜெர்மனி இரண்டைத் திருப்பிப் போட்ட பிறகு மூன்றாவது, புருச்சாகா. மாரடோனா கொடுத்த பாஸ்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் பிரீகல் துரத்த, நாற்பது மீட்டர் அந்த வெயிலில் ஓடியது புருச்சாகாவின் கால்கள். ஒரே ஆள் வாங்கிய கோப்பையாம்! மாரடோனாவைக் கொண்டாடப் பிரவுனின் தோளை மறைக்க வேண்டுமா?

1990க்கும் இதே கதைதான். அந்த உலகக் கோப்பையில் மாரடோனா ஒரு கோல்கூடப் போடவில்லை. யூகோஸ்லாவியாவுக்கு எதிரான ஷூட்அவுட்டில் அவர் அடித்ததே வீணானது. இறுதி வரை தூக்கிக்கொண்டு போனது கோல்கீப்பர் கொய்கொச்சியாவின் கைகள். 2014இல் மெஸ்ஸி நாக்அவுட் சுற்றில் ஒரு கோலும் போடவில்லை. அரையிறுதியில் ரோபனின் காலடியில் கடைசி நிமிடத்தில் மஸ்கெரானோ பாய்ந்து பந்தைத் தட்டியிருக்காவிட்டால் அன்று இறுதி ஆட்டமே இல்லை. எல்லாக் காலத்திலும் அந்தப் பத்துப் பேர் இருந்தார்கள்.

நாளைய ஆட்டத்தைப் பற்றி எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. 2018இல் கசானில் இதே பிரான்ஸ் 4-3 என்று நம்மை அனுப்பியது. எம்பாப்பே தன் பாதியிலிருந்து பந்தோடு ஓடிய அந்த ஓட்டத்தில் நம் டிஃபெண்டர்கள் எல்லாரும் கிழவர்களாகத் தெரிந்தார்கள். எம்பாப்பே வரும் பக்கத்தில் நாளை மொலினா நிற்பார், அவருக்கு முன்னால் டி பால் இறங்கி வந்து அடைக்க வேண்டும். அது நடந்தால் பாதிக் கவலை தீரும். என் பெரிய கவலை கடைசிப் பத்து நிமிடம். நெதர்லாந்துக்கு எதிராக 2-0 முன்னிலையை 83ஆம் நிமிடத்திலும் 101ஆம் நிமிடத்திலும் விட்டுக்கொடுத்தார்கள். முன்னிலை வந்ததும் பின்னால் பதுங்குகிற அந்தப் பழக்கம் நாளை வந்தால் எம்பாப்பே விடமாட்டார். டி மரியாவின் கால் சரியாகி, அவர் முதலிலேயே இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடந்த ஆண்டு கோப்பா அமெரிக்கா இறுதியில் மரக்கானாவில் பிரேசிலுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது, அந்த நீளப் பாஸ் டி பாலுடையது. பெரிய ஆட்டத்தில் கால் நடுங்காத ஆள் டி மரியா.

ஸ்கலோனி சவூதி தோல்விக்குப் பிறகு ஒரே அடியாக ஐந்து பேரை மாற்றினார். 21 வயது என்சோவையும் 22 வயது ஆல்வரெஸையும் பெஞ்சிலிருந்து எடுத்து வந்து, போலந்து ஆட்டத்திலிருந்து அணியின் நடுவில் நட்டார். நெதர்லாந்துக்கு ஐந்து டிஃபெண்டர், குரோஷியாவுக்கு நான்கு மிட்ஃபீல்டர். ஒரே ஆளை நம்பியவர் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

சித்தப்பா, நாளை இரவு கடற்கரையில் திரை கட்டுகிறார்கள், நீங்களும் முன்வரிசையில் வந்து உட்காருவீர்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் மெஸ்ஸியைப் பார்க்காதீர்கள். பந்தையும் பார்க்க வேண்டாம். டி பாலின் 7ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள்.