கடன் கொடுப்பவருக்குக் கடன் இல்லை!

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு காண்டிமென்ட்ஸ் கடை. முறுக்கு, மிக்சர், சிப்ஸ் வியாபாரம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். 18 வருஷமாக அதே இடத்தில் கடை நடக்கிறது.

அந்தக் கடையில் கணக்கு எழுதி வாங்கி, சம்பள நாளில் பைசல் செய்யும் குமாஸ்தா ஒருவருக்குப் பாங்கியில் வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. சம்பளச் சீட்டு, படிவம் 16, பாங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத்தான் முக்கியமாகக் கேட்டார்கள். அவருக்கே கடன் கொடுக்கும் கடைக்காரரும் அதே பாங்கிக்குப் போனார். கேட்டது 25 லட்சம். பதினொன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பணத்துக்குப் பெங்களூரில் என்ன வீடு கிடைக்கும்?

இத்தனைக்கும் கடைக்காரரின் வரும்படி குமாஸ்தாவின் சம்பளத்துக்குக் குறைந்தது அல்ல. வருஷத்துக்கு 30 லட்ச ரூபாய் வியாபாரம். எண்ணெய், மாவு, காஸ், வாடகை, ஆள் கூலி எல்லாம் போக மாதம் 50 ஆயிரம் நிற்கிறது. பின்னே தடை எங்கே?

தடை அவர் கையெழுத்திட்ட காகிதத்திலேயே இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவரிடம் பாங்கி கேட்பது 2 அல்லது 3 வருஷத்து வருமான வரிக் கணக்கு. சிறு வியாபாரிகள் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், வியாபாரத் தொகையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம் என்று வரிச் சட்டம் சலுகை தருகிறது. பாங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர் 8 சதவீதம் போட்டார். 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அதாவது மாதம் 20 ஆயிரம்!

பாங்கிக்காரர் அந்த 20 ஆயிரத்தைத்தான் பார்ப்பார். அதில் சுமார் பாதியைத் தவணைக்கு ஒதுக்குவார். வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 வருஷக் கடனில் லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 870 ரூபாய். 10 ஆயிரம் ரூபாய்த் தவணைக்குப் பதினொன்றரை லட்சம்தான் வரும். உண்மையான 50 ஆயிரத்தைக் காட்டியிருந்தால் 28 லட்சத்துக்கு மேல் கணக்கு வந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டியவர் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்ச ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரி கிடையாது. 6 லட்சம் என்று எழுதியிருந்தாலும் வரி பூஜ்யம்தான். அந்த 8 சதவீதமும் குறைந்தபட்ச அளவே. லாபம் கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். இதை எத்தனை கடைக்காரர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

கடைக்காரரின் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யு.பி.ஐ. வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவருக்கு 29 லட்ச ரூபாய் கேட்டு நோட்டீஸ் போயிற்று. காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! பெங்களூர்க் கடைகளில் யு.பி.ஐ. அட்டைகளைக் கிழித்துவிட்டு, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. ஆனால் போன தைரியம் போனதுதான்.

வரித் துறைக்கு யு.பி.ஐ. வரவு ஆதாரமாகிறது. நோட்டீஸ் அனுப்பப் போதுமான சாட்சி அது. அதே வரவு அதே பாங்கியில், அதே கணக்கில், நாள் தவறாமல் விழுகிறது. கடன் கேட்டுப் போனால் மட்டும் அது சாட்சி ஆகாதாம்! இது எந்த ஊர் நியாயம்? இரண்டு வருஷ தினசரி வரவைப் பார்த்து, அந்தத் தொழிலில் வழக்கமாக நிற்கும் லாபத்தைக் கணக்கிட்டுத் தவணை நிர்ணயிப்பது பாங்கிகளுக்கு முடியாத காரியம் அல்ல. மாதச் சம்பளக்காரருக்கும் வேலை போகலாம். 18 வருஷம் நின்ற கடை அதைவிட மோசமான ஜாமீனா?

பாங்கிகள் மாறும் வரை கடைக்காரர்கள் சும்மா இருக்கவும் முடியாது. வீடு வாங்கும் எண்ணம் வந்த அன்றே கணக்கை ஒழுங்குபடுத்தத் தொடங்க வேண்டும். மூன்று வருஷக் கணக்கை ஒரே நாளில் தாக்கல் செய்துகொண்டு போனால் எந்த மானேஜரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கைப்பணமும் வேண்டும். 30 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் பாங்கி விதி. முத்திரைத் தாள், பதிவுச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. பெங்களூரில் 'பி காத்தா' மனை என்றால் பல பாங்கிகள் கிட்டவே வருவதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பத்திரத்தைக் காட்டி விசாரிப்பது நல்லது.

கடன் இல்லை என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடக் கூடாது. காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டியது பாங்கியின் கடமை. ரிசர்வ் பாங்கியே அப்படி உத்தரவிட்டிருக்கிறது. சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை தன் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். எப்போதோ தவணையில் வாங்கிய செல்போனுக்கு ஒரு தவணை தவறியிருந்தால்கூட அதில் ஏறியிருக்கும்.

கந்து வட்டிக்காரர் இந்தக் காகிதம் எதையும் கேட்பதில்லை. கடை வாசலிலேயே வந்து பணம் கொடுக்கிறார். பாங்கியில் கை விரித்தால் வியாபாரி அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

ஸ்ரீராமபுரம் கடைக்காரர் நல்ல வேளையாக அங்கே போகவில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக 6 லட்சம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு வருஷக் கணக்கு சேர வேண்டும். அதுவரை வாடகை வீடுதான்.