சராசரி மழை குளத்தைக் காக்காது

‘கார்த்திகைக்குப் பின் மழை இல்லை’ என்பார்கள். மழைப் பதிவேடு வேறு கதை சொல்கிறது. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையின் காக்காச்சியில் ஒரே நாளில் சுமார் 96 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. இது ஏக்கருக்குச் சுமார் 38 லட்சம் லிட்டர். பிசான நெல் மூழ்கியது, குளங்கள் உடைந்தன.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். அருகிலுள்ள மழைமானியின் பழைய பதிவில் மிக அதிகம் பெய்த நாள் எது என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். அலுவலர்களும் அதைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். அந்த வெள்ளத்தை உங்கள் குளத்து மறுகால் ஓடை தாங்குமா? அடைப்பைப் புரட்டாசிக்குள் அகற்றுங்கள். தை பிறக்கும்வரை கரைக்காவல் தேவை.